கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புயல்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு புயல் செய்தேன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வரலாம், சான்றிதழ் இருக்கிறது.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அம்மா இலை பறிக்கப் போவாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். ஃபேக்டரியில் தேயிலையை உலர்த்தச் சூடான காற்று அனுப்பும் பெரிய அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. சூடு கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் நிற்கும் என்பார். தோட்டத்துக்கே தேநீர் மணம் தருவது தான்தான் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அந்த வேலையில் அவருக்கு அத்தனை ஆசை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்ததும் நான் புயலைத் தேர்ந்தெடுத்தேன். பழைய போட்டோ சட்டங்களில் இருந்து கழற்றிய நான்கு கண்ணாடிகளை நிறுத்திப் பெட்டியாக்கி, மூலைக்கு மூலை விரல் அகலம் இடைவெளி விட்டோம். மேலே பால் பவுடர் டின்னை அடி வெட்டிப் புகைபோக்கி வைத்தவர் மாமா. உள்ளே வெந்நீர்ச் சட்டி, இடைவெளிகளில் ஊதுபத்தி. நீராவி மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று நாலு மூலையிலும் சாய்வாக நுழைந்து சுழலும். நடுவில் வெள்ளையாக ஒரு தூண் எழுந்து நின்று ஆடும். முதல்முறை அதைப் பார்த்தபோது மாமா, "அடி ஆத்தி!" என்று இரண்டடி பின்னால் போனார்.

மனப்பாடம் செய்ததை எல்லாம் அவரிடம்தான் ஒப்பிப்பேன். என் சார்ட்டில் சுருள் சுருளாக மழை மேகங்கள் வரைந்து நடுவே ஒரு வட்டம் போட்டிருந்தேன்.

"ஏன் அம்மணி, நடுவுல கண்ணுன்னு எழுதியிருக்கியே, அங்கதான் காத்து பேயாட்டம் அடிக்குமா?"

"இல்லைங்க மாமா. அங்க காத்தே இருக்காது, வெயில்கூட அடிக்கும். அதைச் சுத்தி நிக்கிற மேகச் சுவருலதான் எல்லா ஆட்டமும்."

சூடான கடல்நீர் ஆவியாகி மேலே போய் மேகமாகக் குளிரும்போது, உள்ளே வைத்திருந்த சூட்டை அங்கே விட்டுவிடும். அந்தச் சூட்டில் காற்று இன்னும் வேகமாக மேலே ஏறும். கீழே காலியான இடத்துக்குச் சுற்றியுள்ள காற்று பாய்ந்து வரும். பூமி சுழல்வதால் நேராக வராமல் திரும்பித் திரும்பி வரும். இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் மாமா பீடியைக் கீழே வைத்தார்.

"அப்பக் கடல்தான் வெறகு."

மூன்று நாள் உருப்போட்டதை மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கண்காட்சி நாளன்று வங்காள விரிகுடாவில் நிஜமாகவே ஒரு புயல் நின்றிருந்தது. எங்களுக்கு அதன் மழை மட்டும் வந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது, நடுவராக வர வேண்டிய பேராசிரியர் வழியில் மரம் விழுந்து மாட்டிக்கொண்டார். மிஸ்ஸின் கெட்டிலில் முன்பே கொதிக்க வைத்த தண்ணீர் அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்கும்? என் தூண் மெலிந்து, நடுங்கி, இல்லாமலே போனது. பக்கத்து மேசைக்காரி சோலார் அடுப்பு செய்திருந்தாள். அதுவும் மழையில் படுத்துவிட்டது என்பது ஒன்றே ஆறுதல்.

மிஸ் தடுப்பதற்குள் ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினால் ஃபேக்டரி பத்து நிமிடம். அழுதுகொண்டே போய் நின்றேன். அடுப்பின் மேல் எப்போதும் ஒரு அண்டா வெந்நீர் இருக்கும்.

மாமா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "இன்னைக்கு நான் ஒத்தையாளு அம்மணி. கூட இருக்கறவன் லீவு."

"எனக்குப் பரிசே போயிரும் மாமா!"

அவ்வளவுதான். கை கொண்டமட்டும் விறகைத் திணித்தார். கேனில் வெந்நீர் பிடித்து, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அதற்குச் சுற்றிவிட்டு, வெறும் சட்டையோடு மழையில் எனக்கு முன்னால் ஓடினார்.

போய்ச் சேர்ந்தால் நடுவர் இன்னும் வரவில்லை. மாமா கேனை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகாதீங்க மாமா, தனியா ஊத்தினா கொட்டிருவேன்." அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றுவிட்டார். முக்கால் மணி நேரம் நின்றார். நடுவர் என் மேசைக்கு வந்தபோதுதான் ஊற்றினார். தூண் எழுந்தது. நான் கடகடவென்று ஒப்பித்தேன்.

"சரிம்மா, இது கரைக்கு வந்தால் என்ன ஆகும்?" என்று நடுவர் கேட்டார்.

தெரிந்த பதில்தான். பதற்றத்தில் அதைச் சார்ட்டில் தேட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து மாமா, "அணைஞ்சு போயிருமுங்க சார். வெறகு போட ஆளில்லாத அடுப்பு எத்தனை நேரமுங்க நிக்கும்?" என்றார். நடுவர் சிரித்து, அவரைத் தட்டிக்கொடுத்து, எனக்கு முதல் பரிசு போட்டார். திரும்பினால் மாமா இல்லை. ஸ்வெட்டரைக்கூட எடுக்காமல் ஓடியிருந்தார்.

அன்று அந்த அடுப்பு இறங்கிப்போய், உலர்த்தப் போட்ட இலை முழுக்க ஈரத்தோடு வந்து வீணானதும், எல்லார் முன்னாலும் அவரை நிற்க வைத்துத் திட்டியதும், திங்கட்கிழமை முதல் ஃபேக்டரியை விட்டே மாற்றியதும் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய் மாமாவிடம் கேட்டேன். "அட, அதை இப்ப எதுக்கு அம்மணி கிளறிக்கிட்டு? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் இன்று படித்து ஓர் ஆளாக நிற்கிறேன் என்றால் அந்த மனிதர்தான் காரணம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனையோ முறை முயன்றும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு என்ன தெரியும்? எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு எதிர்ச்சரிவில் மழைநீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே மாமா நின்றார். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் மண்வெட்டி. முந்தின ராத்திரி அவர் என்னிடம், "உள்ள ஒரே வேக்காடு அம்மணி, நானேதான் கேட்டு வெளி வேலைக்கு மாறிக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளை இடித்து, "பாருடி, எங்க மாமா! கேட்ட வேலையைக் கேட்ட உடனே குடுத்துட்டாங்க" என்று சொல்லி, எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். கொட்டும் மழையில் மாமா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, அவரும் இரண்டு கையையும் ஆட்டினார்.