ஆம்புரோஸ் தட்டுன போத்தல்

எழுத்து எனக்கு லேட்டாத்தான் வந்துச்சு. பொய்யா ஒண்ணை எழுதுற அளவுக்கு இன்னும் வரலை. அதனால நம்புங்க. இது ஈப்போவுல, பட்டப்பகல்ல, எனக்கே நடந்தது.

ஆம்புரோஸும் நானும் சுங்காய் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. மரத்தை அழிச்சுச் செம்பனை நட்டதும் அவன் கடலுக்குப் போனான், கூண்டு கட்டி மீன் வளர்க்கிற வேலைக்கு. நான் கடல் தண்ணி சோதிக்கிற லேப்ல தரை கழுவுறேன். அவனுக்கு ஒரு பழக்கம். எந்தக் கோப்பையையும் விரலால ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் குடிப்பான். மரத்துல பால் பிடிக்கிற மங்குல எறும்பை உதறுன கை.

போன மாசம் கூண்டுல ஒட்டியிருந்த சிப்பியை அவிச்சுத் தின்னான். உதடு மரத்துப்போச்சுன்னு பெண்சாதி எல்ஸிகிட்ட சொன்னானாம். அப்புறம் கை, கால். அப்புறம் மூச்சு. குடிச்சுச் செத்தான்னு கூண்டு முதலாளி, அந்தத் தவுக்கே, சாவு வீட்டுலயே சொன்னான். எல்ஸி காதுபட. தேத்தண்ணி தவிர எதையும் தொடாதவனை.

அந்தக் கூண்டுத் தண்ணி எங்க லேப்புக்குத்தான் வந்துச்சு. அதுல விஷப்பூச்சி இருக்கான்னு பார்க்கிறது ஷர்மினி வேலை. பூச்சின்னு சொன்னா சிரிக்கும் அந்தப் பொண்ணு.

"பூச்சியும் இல்ல, செடியும் இல்லலா அண்ணே. அது தனி இனம். ஒரே செல்லு, ரெண்டு சாட்டை வால். உடம்பைச் சுத்தி தட்டுத் தட்டா கவசம். அந்தத் தட்டுங்களை எண்ணித்தான் எது விஷம்னு பிரிப்போம். விஷ இனத்தைத் தின்ன சிப்பியைத் தின்னா ஆளே போயிரும். இருட்டுல அசைச்சா நீலமா மின்னும்."

ஷர்மினி எண்ணுறதுக்குள்ள சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டான். குடிகாரன் கேசுக்கு எதுக்கு டெஸ்ட், ஸ்டோர்ல இருக்கிற அந்தத் தண்ணியைக் கொட்டிருன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் சம்பளக்காரன். போனேன்.

மணி மூணு. ஸ்டோர்ல சன்னல் கிடையாது. பல்பு போயிருந்துச்சு. கதவு தானா சாத்திக்கிச்சு.

டிக்... டிக்.

கண்ணாடிச் சத்தம். வெளியே லோரி போகுதுன்னு நினைச்சேன். லோரி எதுவும் போகலை.

டிக்... டிக்.

கடைசித் தட்டுல ஒரு போத்தல் மட்டும் நீலமா மின்னுச்சு. ரெண்டு தரம். பக்கத்துப் போத்தலெல்லாம் இருட்டு.

"மச்சான்?"

டிக்... டிக்.

உள்ள இருந்து.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்...

ஒரு விரல் நுனி.

எப்படி வெளியே வந்தேன்னு தெரியாது. அந்தப் போத்தல் என் நெஞ்சோட இருந்துச்சு. வெளிச்சத்துல பார்த்தா அந்தக் கூண்டு லேபிள்தான், தண்ணி தேத்தண்ணி நிறம். நேரா ஷர்மினி மேசையில வச்சேன்.

"இதை யாரும் கொட்டச் சொன்னா, முதல்ல என் கையை வெட்டச் சொல்லு."

அந்தப் பொண்ணு மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சுச்சு. தட்டுங்களை எண்ணுச்சு. விஷ இனமேதான். தண்ணி பூரா அதுதான். சூப்பர்வைசரைக் கேக்காமலே ரிப்போர்ட்டைச் சுகாதார இலாகாவுக்கு அனுப்பிருச்சு. எல்ஸி இப்ப தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போறா. தவுக்கே மட்டும் இன்னும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கலை. அவனை நான் விடப்போறதில்ல.

போத்தல் மின்னினதைப் பிறகுதான் ஷர்மினிகிட்ட சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கலை. முகம் வெளுத்துப்போச்சு.

"எப்படிண்ணே? அது வந்த அன்னைக்கே நான் அயோடின் ஊத்திட்டேன். அதான் அந்த நிறம். உள்ள ஒண்ணுகூட உயிரோட இல்ல. செத்தது மின்னாதுண்ணே."