எல்லைச் சாவடியில் ஆஸ்பத்திரிப் பை

புற்று வந்த கன்னத்துக்கு பெங்களூரில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொண்டு பர்கூர் திரும்புகிறேன். ஓசூருக்கு முன்னால் எல்லைச் சாவடியில் பஸ் நிற்கிறது. அந்தப் பக்கம் பெட்டிக்கடையில் கிடைக்கிற குட்கா, இந்தப் பக்கம் வந்தால் கேஸ்.

பக்கத்து சீட்டுக்காரன் ஏதோ கம்பெனி யூனிஃபார்மில் இருக்கிறான். ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளுகிறான்.

"அண்ணா, இத உங்க ஸ்கேன் பையில வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிப் பைய போலீஸ் தொடமாட்டாங்க."

பேசினால் வலிக்கும். முகத்துத் துண்டை இறக்கிக் காட்டுகிறேன்.

"ஐயய்யோ! இதாலயாண்ணா?"

வலியைப் பொறுத்துக்கொண்டு சொல்கிறேன். "இதேதான். பணக்கார நாட்டுல புத்துநோவு நெறைய பேருக்கு வருதாம், பொழச்சுக்கறாங்களாம். நாம முத்தின பொறவு போயி சாவறோமாம். வாயில வர்றது மட்டும் நம்ம நாட்டுலதான் ஜாஸ்தியாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"உலகத்துலயே நாமதானா?" அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிகிறது. பிறகு குரலைத் தாழ்த்துகிறான். "நீங்க போட்டது டூப்ளிகேட்டா இருக்கும்ணா. இது ஒரிஜினல்."

பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அவன் பொட்டலத்தை என் காலடியில் நழுவ விடுகிறான்.

போலீஸ்காரர் ஏறுகிறார். என் கன்னத்தைப் பார்த்து "த்சொ" என்கிறார். எங்கள் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் போகிறார்.

பஸ் கிளம்புகிறது. அவன் குனிந்து என் காலடியிலிருந்து பொட்டலத்தை எடுக்கிறான். பயம் தெளிய அதிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்கிறான். என் எதிரே மெல்வது மரியாதையில்லை என்று முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.