என்னை ‘நீர்’ என்றவர்

முப்பத்தொரு வயது வரைக்கும் என்னை ஒருவரும் ‘நீர்’ என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் அம்மாவுக்கு நான் ‘நீ’. சுவிஸில் இருக்கும் அண்ணாவுக்கும் ‘நீ’தான், அதிலும் கொஞ்சம் அதட்டல் சேர்ந்த ‘நீ’. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் ‘நீங்கள்’. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. பக்கத்து வீட்டு ஞானசேகரம் மாஸ்டர் தன் மனைவியிடம், “நீர் என்ர கண்ணாடியை எங்க வைச்சனீர்?” என்று கேட்பது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். கண்ணாடியைத்தான் கேட்கிறார். எனக்கோ அது காதுக்குள் வேறு மாதிரி விழும். எங்கள் பக்கத்தில் வெளியாட்களை மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்லிவிட்டு விலகிப்போவதுதான் வழக்கம். ‘நீர்’ புருசன் பெண்சாதிக்குள் புழங்கும் சொல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் பெயர் சோபனா. திருகோணமலைப் பட்டணத்தில் ஒரு சனல் சென்டரில் வேலை. கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெரிய டொக்டர்மார் கிழமைக்கொருக்கால் வந்து நோயாளிகளைப் பார்க்கும் இடம். முன் மேசையில் இருந்து நம்பர் துண்டு கொடுப்பதும் பெயர் கூப்பிடுவதும் என் வேலை. வருகிறவரின் முகத்தைக் கண்டதுமே ஐயாவா, அண்ணையா, முஸ்லிம் ஆள் என்றால் நானாவா, சிங்களவர் என்றால் மாத்தயாவா என்று முடிவெடுத்துவிடுவேன். பதினொரு வருடத்தில் ஒருநாளும் பிழைத்ததில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் ஆம்பிளைகளால் ஒரு கரைச்சலும் வராது என்று அம்மா சொல்லித் தந்திருந்தா. அது உண்மைதான். கரைச்சலும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை.

காதல் விசயத்தில் என் அனுபவத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஏ.எல். படிக்கும்போது ரியூசன் வகுப்பில் ஒருவன் இரசாயனவியல் கொப்பிக்குள் ஒரு கடிதம் வைத்துத் தந்தான். வாசித்தேன், நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். இப்படியான விசயங்களை வீட்டில் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்! அடுத்த நாள் அம்மா ரியூசனுக்கு வந்து நின்ற கோலத்தை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அந்தப் பெடியன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மட்டுமல்ல, அந்த வகுப்பில் ஒருவருமே பார்க்கவில்லை.

பிறகு அப்பா காலமானார். அண்ணா சுவிஸ் போனார். எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். என் குறிப்பில் எட்டில் செவ்வாய். குறிப்பு வெளியே போகும், பத்து நாளில் திரும்பி வரும். ஏழெட்டு முறை போய் வந்த பிறகு அதன் மடிப்புக் கிழிந்து, அம்மா செலோரேப் போட்டு ஒட்டி அலுமாரிக்குள் வைத்தா. அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

அம்மா கெட்டவ இல்லை, பயந்தவ. ஐந்தரைக்கு நான் நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் ஐந்து நாற்பதுக்குப் போன் வரும். “பிள்ளை, எங்க நிக்கிறாய்? பக்கத்தில ஆர் இருக்கிறது?” பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு ஆச்சி இருப்பா. அதைச் சொன்னால்தான் போனை வைப்பா. பஸ் கொண்டக்டருக்கு அம்மாவைத் தெரியும். நான் இறங்கும் சாம்பல்தீவுச் சந்திக் கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும். நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே அந்தச் செய்தி வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் ஆளுக்கொரு கதிரையில் இருந்து ரீவி பார்ப்போம். அந்த நேரங்களில் எனக்கு மூச்சு முட்டும். எழும்பிப்போய்க் குசினியில் ஒரு பானையைக் கழுவுவேன். கழுவின பானையையே திரும்பவும் கழுவிய நாள்களும் உண்டு.

ரஜீவன் வந்தது போன தைப்பொங்கல் முடிந்த கிழமை. மருந்துக் கம்பனி ரெப். ஊர் பருத்தித்துறைப் பக்கம். டொக்டர்மாரைச் சந்தித்துத் தங்கள் மருந்தைப் பற்றிச் சொல்வது இவர்களுடைய தொழில். அதற்கு நோயாளிகள் எல்லோரும் போய் முடியும்வரை காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் நரம்பு டொக்டர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லி நாலு மணிக்கு வருவார். ரஜீவன் ஒரு கதிரையை இழுத்து முன் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தால் கேட்டார்:

“ரெண்டு மணியாகுது. நீர் இன்னும் சாப்பிடேல்லையோ?”

“டொக்டர் வர நேரமாகும், சேர்” என்றேன்.

“நான் டொக்டரைக் கேக்கேல்லை, உம்மைத்தான் கேட்டனான்.”

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பெட்டியைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டேன். என்ன கறி என்று கேட்டால் தெரியாது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு ஒரு புதுப் பவிசு வந்துவிட்டது. எட்டில் செவ்வாய் என்று என்னை ஒதுக்கின உலகத்தில் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விடிந்தது. நல்ல சுடிதார்களை அந்த நாளுக்கென்று எடுத்துவைத்தேன். அவர் வருவார், கதிரையை இழுப்பார். “நீர் எந்தப் பக்கம்?” “உமக்கு எத்தினை சகோதரம்?” “நீர் ஏன் சிரிக்கிறதே இல்லை?” இவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு நான் ஆறு நாளை ஓட்டுவேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, ‘நீர்’ என்று சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் திரும்பி அவரையும் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஆசை.

என் போனில் ‘முதல் சந்திப்பில் எப்படிப் பேசுவது’ என்று தேடினேன். முப்பத்தொரு வயதில்! ஒரு நல்ல கோப்பிக் கடைக்குப் போங்கள் என்று இருந்தது. பட்டணத்தில் எந்தக் கோப்பிக் கடை? பேக்கரியில் இருந்து மீன் வைத்த மாலுபாண் சாப்பிடலாம். காசு வாங்கும் இரத்தினசிங்கம் அங்கிள் அப்பாவோடு படித்தவர். கோயில் வீதிக்குப் போகலாம்; அம்மாவின் சிநேகிதிகள் கும்பலாக அங்கேதான் நிற்பார்கள். கடற்கரைக்குப் போனால், அங்கே திரியும் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வந்த அரைவாசிச் சனமும் நான் ஏதோ ஒரு நாள் நம்பர் துண்டு கொடுத்த முகங்கள். காதலிக்கிற எண்ணம் வந்த பிறகுதான் இந்த ஊர் எவ்வளவு சின்னது என்று கண்டேன்.

சித்திரை வருசத்துக்கு ரஜீவன் ஊருக்குப் போனார். இரண்டு செவ்வாய்க்கிழமை வரவில்லை. மூன்றாவது கிழமை புதுச் சேட்டுப் போட்டு, சீப்பின் அடையாளம் தெரியத் தலை இழுத்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையை இழுக்கவில்லை.

“நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ?” என்றார்.

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களோட ஒரு அலுவல் கதைக்கவேணும். உங்களுக்கு எப்ப வசதிப்படும்?”

நீங்கள். உங்களோட. உங்களுக்கு. என் நெஞ்சில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. ஊரில் ஏதோ கலியாணம் முற்றாகிவிட்டது, இந்தப் பெட்டையைத் தள்ளி வைத்துக் கதைக்கச் சொல்லி வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அதைத்தான் பக்குவமாகச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வரும். இது என் பிறவிக் குணம்.

“அலுவல் எண்டால் மனேஜரோட கதையுங்கோ, சேர். அஞ்சு மணிக்கு வருவார்.”

“மனேஜரோட கதைக்கிற அலுவல் இல்லை.”

“அப்ப எனக்குத் தெரியாது. பின்னால ஆக்கள் நிக்கினம், கொஞ்சம் விலத்துங்கோ.”

விலத்தினார். அதற்குப் பிறகும் மூன்று செவ்வாய்க்கிழமை வந்தார். ஒவ்வொரு முறையும் “நீங்கள்” என்று ஏதோ தொடங்குவார்; நான் ஒரு “சேர்” போட்டு வெட்டிவிடுவேன். பிறகு போய் மின்விசிறிக்குக் கீழே மற்ற ரெப்மாரோடு இருப்பார். நான்காவது கிழமை வேறு ஒருவர் அதே மருந்துக் கம்பனிப் பையோடு வந்தார். ரஜீவன் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாராம். அன்றைக்கு நான் நாற்பத்திரண்டு பேருக்கு நம்பர் கொடுத்தேன், ஒன்றும் பிசகவில்லை.

பின்னால் லாப் அறையில் இரத்தம் எடுக்கும் நஸ்ரின் என்னைவிட ஐந்து வயது குறைந்தவள், ஒரு பிள்ளையின் தாய். ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புது ரெப்பைப் பற்றிக் கதை வந்தது.

“இவர் நல்ல மனிசன்தான் சோபனாக்கா. எண்டாலும் ரஜீவன் மாதிரி வராது. ‘நஸ்ரின், நீர் பிள்ளைக்கு மருந்து குடுத்தீரா, நீர் நேரத்துக்கு வீட்ட போம்’ எண்டு ஒவ்வொரு கிழமையும் கேப்பாரு.”

என் கை சோற்றில் நின்றுவிட்டது. “உங்களையும் நீர் எண்டுதான் கூப்பிடுறவரோ?”

“எல்லாரையும்தானே! என்னை, என்னோட லாப்பில நிக்கிற றிஷானாவை, பாமசியில இருக்கிற பிள்ளையை. அவங்கட ஊர்ப் பழக்கம் அது. எங்களுக்கு முதல்ல ஒரு மாதிரித்தான் இருந்த. உங்களை மட்டும்தான் நீங்கள் எண்டாரு. வருசத்துக்குப் பிறகு.”

நஸ்ரின் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள்.

“நான் பகிடியாக் கேட்டன், அதென்ன சோபனாக்காவுக்கு மட்டும் அவ்வளவு மரியாதை எண்டு. வெக்கப்பட்டுக்கொண்டு சொன்னாரு, ‘எங்கட அப்பா இண்டைக்கும் அம்மாவை நீங்கள் எண்டுதான் கூப்பிடுறவர்’ எண்டு. ஊருக்குப் போய் வீட்டிலயும் உங்களைப் பத்திச் சொல்லிப்போட்டு வந்தவராம். குறிப்பெல்லாம் பாக்கத் தேவையில்லை எண்டு அவங்கட அம்மாவும் சொன்னாவாம்.”

“ஏன் எனக்கு அப்பவே சொல்லேல்லை?” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“உங்களுக்கு விருப்பமில்லை எண்டெல்லோ நான் நினைச்சன். நீங்கதானே சேர் சேர் எண்டு அந்த ஆளை விரட்டின?”

எழும்பிப்போய்க் கை கழுவினேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஊருக்கெல்லாம் சொல்கிற சொல்லை எனக்கென்று எடுத்து நெஞ்சில் வைத்தேன். எனக்கென்றே ஒருவர் பார்த்துப் பார்த்து எடுத்து வந்த சொல்லை முகத்தில் எறிந்தேன். யார் மேல் கோபப்படுவது? அம்மா மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். செவ்வாய் மேல் கோபப்பட்டேன். கடைசியில் என் மேல்தான் வந்து நின்றது.

அவருடைய இலக்கம் ரெப்மாரின் பட்டியலில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் எங்கே நின்று கதைப்பது? வீட்டில் அம்மாவுக்குக் காது கூர்மை. பஸ்ஸில் கொண்டக்டர். சென்டரில் சுவருக்கும் காது. ஒரு மனிசி ஐந்து நிமிசம் தனியாக நின்று கதைக்க இந்தப் பட்டணத்தில் இடமில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் வங்கிக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டு, உள்துறைமுக வீதியில், மூதூர் வள்ளத்துக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடத்துக்கு அப்பால் போய் நின்றேன். வெயில் கொளுத்தியது. துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதி வைத்திருந்தேன். ‘நான் பிழையா விளங்கிட்டன். நீங்கள் சொல்ல வந்ததை இப்ப சொல்லுங்கோ.’ இரண்டே வசனம்.

மூன்றாவது தரம் மணி அடித்ததும் எடுத்தார்.

“ஆர் கதைக்கிறது?”

“சோபனா. திருகோணமலை, சனல் சென்டர்.”

நல்ல கலகலப்பான குரல். “ஓ, சோபனாவோ! நீர் எப்பிடி இருக்கிறீர்?”

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இந்த முறை நான் பிழையாக விளங்கவில்லை. கையிலிருந்த துண்டை மடித்தேன்.

“இருக்கிறன்” என்றேன். “நீங்கள்?”

“எனக்கென்ன, நல்லா இருக்கிறன். ஆவணியில கலியாணம், தெரியுமோ? வவுனியாவில ரீச்சரா இருக்கிறவ. போன கிழமைதான் பதிவு எழுத்து முடிஞ்சது. கார்ட் அடிச்சதும் அனுப்பிறன். அதுசரி, நீர் என்ன விசயமா எடுத்தனீர்?”

“புது ரெப்பின்ர நம்பர் வேணும்” என்றேன்.

அவர் இலக்கங்களைச் சொன்னார். நான் எழுதுவதுபோல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னார்:

“கலியாணத்துக்கு நீங்கள் எல்லாரும் கட்டாயம் வரவேணும், என்ன?”

அந்த ‘நீங்கள்’ என்பதற்குள் நஸ்ரின் இருந்தாள், றிஷானா இருந்தாள், பாமசிப் பிள்ளை இருந்தாள், நானும் இருந்தேன்.

“ஓம், வாறம்” என்றேன்.