பெரிய எஞ்சின் வாங்கப் போன வழியில்

கமுந்திங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஈப்போ சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கடைகளுக்குத் தோசைமாவு போடும் ஓர் அக்கா, தன் பழைய காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மேட்டில் கார் திணறியது.

“ஏர் பில்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்தியாச்சு தம்பி, இன்னும் இழுக்க மாட்டேங்குதுலா. மாவு லேட்டானா கடைக்காரங்க வேற ஆளப் பாத்துருவாங்க. இன்னிக்கு, பழைய காருங்கள வெட்டி விக்கிற பொட்டோங் கடையில பெரிய ஜப்பான் எஞ்சின் ஒண்ணு வாங்கப் போறேன்.”

தீய்ந்த வாடை அடித்தது. மேடு ஏறியதும் நிறுத்தச் சொல்லி, என்னதான் என்று சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். பின்சக்கரம் ஒன்று கையைச் சுட்டது.

“அக்கா, ஹேண்ட்பிரேக் விடாம புடிச்சிருக்கு.”

“அப்ப இத்தன நாளா பிரேக்கோடயா ஓட்டுனேன்? அட கடவுளே!” என்று சிரித்தார்.

பட்டறையில் கேபிளைச் சரிசெய்ததும் கார் இலகுவாக ஓடியது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு வேலை ஓடாவிட்டால் அடுத்ததற்குத் தாவுவேனே தவிர, எது பிடித்து இழுக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை, இனி இழுத்தால் தாவாமல் குனிந்து பார்ப்பது என்ற முடிவோடு, அக்காவிடம் கேட்டு அதே காரில் மாவு கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தேன்.