குமாருக்கு ஒரு கிராப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனை முடிவெட்டக் கூட்டிப்போனேன். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் என் போனை வாங்கி, ஒரு கிரிக்கெட் வீரரின் படத்தைக் கடைக்காரருக்குக் காட்டினான். "அண்ணா, இதே மாதிரி... காதுக்கு மேல மட்டும் ஒட்ட வெட்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்துக்கு நைனா சிரிக்கிற?" என்று முறைத்தான்.

ஏன் சிரித்தேன்? உங்களுக்கும் சொல்கிறேன் பிள்ளைகளே.

கொரோனா சமயம் அது. உங்களில் சிலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள். திருப்பதி அப்படிக் காலியாகி நான் பார்த்ததே இல்லை. பக்தர்கள் இல்லை — லாட்ஜ் மூடியாச்சு, ஓட்டல் மூடியாச்சு. அவர்களை நம்பிப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டல் சர்வர்கள், பிளாட்பாரத்தில் படுக்கிறவர்கள்... எல்லாரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சமைத்த சாப்பாட்டை, என் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தினமும் அங்கே போவேன்.

சாப்பாடு வந்தது. சோப்பு வந்தது. மாஸ்க் வந்தது. ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டோம் — முடி! சலூன்கள் திறக்கவே இல்லை. கொளுத்துகிற வெயிலில் காதை மூடிக்கொண்டு, கழுத்தில் வழிந்துகொண்டு... போதாததற்குப் பேன் வேறு.

அப்போதுதான் வரலட்சுமி அக்கா வந்தார். பக்தர்களுக்கு மொட்டை போடுவது அவர் வேலை. பக்தர்கள் இல்லை, அவருக்கும் வேலை இல்லை. "கை சும்மா இருந்தா தூக்கம் வரலண்ணா. எல்லாருக்கும் ஃப்ரீயா மொட்டை போடறேன்" என்று கத்தியும் கையுமாக வந்து நின்றார். வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி ஒரு வரிசை உருவாகிவிட்டது.

ஒருவன் மட்டும் ஒதுங்கி நின்றான். குமார். குடிபாலா பக்கத்துப் பையன், ஓட்டல் சர்வர்.

"இன்னா குமாரு, நீ வரல?" என்று கேட்டேன்.

"வர வாரம் எனக்குக் கல்யாணம்ணா. நாளைக்கு காலைல ஊருக்கு பஸ் விடறாங்க. எனக்கு மொட்ட வேணாம்... கிராப்பு வேணும்."

அவன் அம்மா போனிலேயே கத்தியிருக்கிறார்: "நான் உசுரோட கீறப்பவே மொட்டத் தலையோட வந்து நிக்காத! மணையில ஒக்கார வெக்க மாட்டேன்."

சரி, இருக்கிற முடியோடு போகலாமே? அதுவும் முடியாது. பெண்ணின் அப்பா வீடியோ காலில் இவனைப் பார்த்துவிட்டு, "மாப்ளய கூப்டா யாரோ சாமியார் பேசறாரே?" என்றாராம்.

அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "கிராப்பு எனக்கு ராதண்ணா... தெரியாது. இத்தினி வருஷமா மொட்ட மட்டும்தான். எங்க நிறுத்தறதுன்னே எனக்குத் தெரியாதே!"

பாருங்கள்... உதவி செய்ய ஆள் இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஆனால் அவரிடம் இருப்பது ஒன்று, இவனுக்கு வேண்டியது வேறு. நாமும் பல சமயம் இப்படித்தானே? நம்மிடம் இருப்பதை நீட்டிவிட்டு, 'வாங்கிக்கோ, சந்தோஷப்படு' என்கிறோம்.

வரிசையில் முதல் ஆள் சுப்பையா. ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். அவர்தான் குரல் கொடுத்தார். "ஏம்மா, என் தலை எப்பிடியும் மொட்டதானே ஆவப்போவுது? அதுக்கு முன்ன அதுல கிராப்பு வெட்டிக் கத்துக்கோயேன். கெட்டுப்போனா வழிச்சிடு!"

பக்கத்துத் தெரு டெய்லரிடம் கத்தரி வாங்கி வந்தேன். அக்கா ஆரம்பித்தார். இடது பக்கம் குறைந்தது. அதைச் சரிசெய்ய வலது பக்கம்... அது இன்னும் குறைந்தது. அப்புறம் மறுபடி இடது...

வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய், சுப்பையா தலையில அலிபிரி படி தெரியுதுடா! ஏறினா நேரா மலைதான்!"

மாஸ்க்குக்குள்ளேயே எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். சுப்பையா அசையவில்லை. "அவனுங்க கெடக்கறானுங்க. நீ வெட்டும்மா." கடைசியில் படியெல்லாம் மொட்டையானது.

அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவர் தலையில் படிகள் குறைந்தன. அதற்கும் அடுத்தவருக்குப் பின்பக்கம் ஒழுங்காக வந்தது. ஒருவருக்கு நன்றாகவே அமைந்துவிட்டது — "இத வழிக்க வுடமாட்டேன்" என்று எழுந்து ஓடியே போனார்! நானும் என் தலையைக் கொடுத்தேன். மொட்டையோடுதான் வீடு திரும்பினேன்.

அத்தனை நாளும் கை நீட்டி வாங்க மட்டுமே செய்தவர்கள் அவர்கள். கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? தலை இருந்தது. கொடுத்தார்கள்.

சாயங்காலம் குமார் உட்கார்ந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அசையாத தம்முடு. அசைஞ்சா உன் மாமனாருக்கு சாமியாரே தேவலாம்னு ஆயிடும்."

கத்தரிச் சத்தம் மட்டும்தான். சுற்றிலும் மொட்டைத் தலைகள்... எல்லாம் அவன் பக்கமே நீண்டிருந்தன.

முடிந்ததும் ஓடிப்போய் என் ஆட்டோவின் சைடு மிரரில் குனிந்து பார்த்தான். இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான். மாஸ்க்கை இறக்கி ஒரு சிரிப்பு — மாப்பிள்ளைச் சிரிப்பு!

உடனே அம்மாவுக்கு வீடியோ கால். அந்தம்மா அவனையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னாடா இப்பிடி எளச்சிப் போயிட்ட? ஒழுங்கா சோறு துன்றியா இல்லியா?"

வரலட்சுமி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"அம்மா, சோறு கெடக்கட்டும்... தலைய பாரும்மா, தலைய!"