கேட்டைத் தாண்டிய பிறகு

கோவில்பட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் மேரிராணி பதினோரு வருடமாக விடுதி வார்டன். மாதத்தில் ஒரு ஞாயிறு, விடுதியில் தங்கி ஆலையில் வேலை பார்க்கும் நாற்பது பெண்பிள்ளைகளையும் இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவாள். மற்ற நாளெல்லாம் கேட்டுக்குப் பூட்டு.

2008இல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய சரக்கைத் தங்கள் நாட்டுச் சட்டம் உள்ளே விடாது என்றார். அன்று மட்டும் பூட்டைக் கழற்றியிருந்தார்கள். பொய் சொல்வதும் மேரிராணியின் சம்பளத்தில் அடக்கம்.

"எப்பவும் தொறந்துதான் கெடக்கும் சார். நெனச்ச நேரம் போவாளுவ."

"இப்போது போகச் சொல்லுங்கள்."

"போங்கட்டி" என்றாள்.

நாற்பது பேரும் கேட்டைத் தாண்டினார்கள். தாண்டியதும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மேரிராணியின் கால்கள் தாமாகவே வரிசைக்கு முன்னால் போய் நின்றன.

ஆய்வாளர் கேள்விப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.