மரியாதைக்கு ஒரு இஞ்ச்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஒரே வார்த்தை.

கரிவலம்வந்தநல்லூருக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். சாதாரண சைக்கிள் இல்லை... ரோடு பைக். வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். என் தலையில் ஹெல்மெட், கண்ணில் கூலிங் கிளாஸ், உடம்போடு ஒட்டிய பச்சைக் கலர் ஜெர்சி. இவ்வளவு வேஷமும் போட்டுக்கொண்டு ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், பார்க்கிறவர்கள் சும்மா போவார்களா?

ஒரு மோட்டார் பைக் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, பஞ்சரா?"

வலது முட்டி வலி, மடக்க முடியவில்லை, இனி ஒரு மிதி மிதித்தாலும் அழுதுவிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

"ஏறுங்க. கரிவலத்துல பஞ்சர் கடை நம்ம மாப்பிள்ளைதான்."

எங்கள் பக்கத்து ஆட்களிடம் உதவி வேண்டாம் என்று சொல்லித் தப்பிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. பின்சீட்டில் நான், என் தோளில் சைக்கிள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் கல்யாண ஊர்வலம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மாப்பிள்ளை டயரைக் கழற்றினார். டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழ்... ம்ஹூம். திருப்பி முக்கினார். தண்ணீர் அசையவே இல்லை.

"காத்து ஜம்முனு நிக்குதே அண்ணாச்சி!"

வேறு வழியில்லாமல் முட்டி விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் பைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல மாப்ள. ஆளுதான் பஞ்சர்" என்றார்.

சரி, ஆள் எப்படி பஞ்சரானார்? அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூன்று மாத சர்க்கரையின் சராசரி ஆறு புள்ளி நான்கு. "மூணு மாசம் டைம் தர்றேன். உடம்பை அசைங்க. ஆறரையைத் தாண்டினா மாத்திரைதான். ஆயுசுக்கும்."

என் அப்பாவுக்கு மாத்திரை டப்பா ஒன்று உண்டு. திங்கள், செவ்வாய் என்று மூடி போட்ட டப்பா. எந்த ஊருக்குப் போனாலும் அது அவருக்கு முன்னால் பைக்குள் ஏறிவிடும். நாற்பத்தொன்பது வயதில் எனக்கும் அதேமாதிரி ஒன்றா? உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

நம் பிழைப்போ... பகலில் ஆபீஸ் நாற்காலி, சாயங்காலம் எழுத்து நாற்காலி, அப்புறம் டிவி நாற்காலி. அதனால் சைக்கிள் வாங்கினேன். வீட்டில் கோமதி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. (எங்கள் சங்கரன்கோவிலில் அம்மன் பெயரும் அதுதான், தெருவுக்கு நாலு கோமதி உண்டு. நான் சொல்வது என் மனைவி கோமதியை.) கம்பும் கேழ்வரகும் அடுப்படிக்கு வந்தன. எனக்குத் துணையாக அவளும் காப்பியில் சீனியை நிறுத்தினாள்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடையில் கொடுத்த சைக்கிள், கடையில் கொடுத்தபடியே ஓடியது. தினமும் காலையில் முப்பது கிலோமீட்டர். பேண்ட் லூசானது. முட்டி என்ற ஒன்று உடம்பில் இருப்பதே ஞாபகம் இல்லை.

இப்படி ஒரு மனிதன் நிம்மதியாக இருந்தால் அவனை என்ன செய்ய வேண்டும்? வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட வேண்டும்.

சைக்கிள் குரூப்பில் ஒரு நிபுணர் இருந்தார். எந்த ஊர் என்று தெரியாது. அவர் சைக்கிள் ஓட்டி யாரும் பார்த்ததும் இல்லை. என் வண்டியின் போட்டோவைப் போட்டேன். "ஸ்டாக் கிராங்கா ப்ரோ?" என்று கேட்டு, பரிதாபப்பட்டு ஒரு பொம்மை முகமும் போட்டார்.

பெடலை நடு அச்சோடு இணைக்கிற கை இருக்கிறதே, அதுதான் கிராங்க். கம்பெனியில் மாட்டி வந்ததே இருந்தால் ஸ்டாக். என்னுடையது நூற்று எழுபது மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்திலேயே செயின் ஓடுகிற பல்சக்கரங்கள், அதாவது செயின்ரிங். பெரியதில் ஐம்பது பல், சின்னதில் முப்பத்துநாலு. இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்காம். காலுக்கு ஏற்ற நீளத்தில் கிராங்க் போட்டு, ஐம்பத்துமூன்றுக்கு முப்பத்தொன்பது பல் போட்டால்தான் 'பவர்' கிடைக்குமாம். காலின் உள்நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து, புள்ளி ரெண்டு ஒன்று ஆறால் பெருக்கினால் வருவதுதான் என் கிராங்க் என்றார்.

உள்நீளத்தை எப்படி எடுப்பது? சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடிப் புத்தகத்தைக் கவட்டுக்குள் வைத்து மேலே அழுத்தி, வேறொருவர் தரையிலிருந்து டேப் பிடிக்க வேண்டும். கோமதியைக் கூப்பிட்டேன்.

"நல்லாருக்கு போங்க. வேற வேலை இல்லையா எனக்கு?" என்று மாவாட்டப் போய்விட்டாள்.

அளவு எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருவன் ஊரில் இருக்கும்போது நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? டெய்லர் சண்முகவேல், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கடைக்குப் போனேன். சும்மா அளக்கச் சொன்னால் நன்றாக இருக்காது என்று ஒரு பேண்ட் துணியும் கொடுத்தேன். டேப்பைக் காலின் உள்பக்கமாக ஓட்டினான். "முப்பத்திரெண்டு!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

முப்பத்திரெண்டா! ஐந்தடி நாலு அங்குல உயரத்தில் எனக்கு இவ்வளவு பெரிய காலா? பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம். ஆனால் நம்மைப் பற்றி நல்லதாகச் சொன்னால் நாம் என்றைக்குச் சந்தேகப்பட்டோம்?

இஞ்சை மில்லிமீட்டராக்கிப் பெருக்கினேன். நூற்று எழுபத்தைந்து. ஐம்பத்துமூன்று பல்லோடு புது செட் வந்தது. திருநெல்வேலியில் கொண்டுபோய் மாட்டினேன். பழைய செட் பேப்பரில் சுற்றப்பட்டு பரணுக்குப் போனது. போட்டோ போட்டதும் குரூப்பில் இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

பவர் வந்ததா? வந்தது... முட்டியில். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக மேலே வருகிறது. ஐந்துதானே என்று நினைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆயிரம் தடவை அது மேலே வருகிறது என்று முட்டிக்குத் தெரியும். போதாததற்கு, மிதிக்கவே கனமான அந்தப் பெரிய பல்சக்கரமும், மேற்கேயிருந்து அடிக்கிற எங்கள் ஊர்க் காற்றும் சேர்ந்துகொண்டன. குரூப்பில் கேட்டேன். "அடாப்ட் ஆகும் ப்ரோ. டைம் குடுங்க" என்றார் நிபுணர். ரெண்டு வாரம் கொடுத்தேன். அதற்குள் மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடி தேவைப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தை உங்களிடமும் மறைத்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் ஒரு மாதமாக நான் சைக்கிளே ஓட்டவில்லை. ஆனால் தினமும் ஐந்தரை மணிக்கு ஜெர்சியோடு கிளம்பினேன். ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, ரெண்டு பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, ஏழரைக்கு வீடு திரும்பினேன். கையைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டது உண்டு. ஆசையாக வாங்கியதைத் தப்பாக வாங்கிவிட்டேன் என்று வீட்டில் சொல்வதற்கு இது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது புத்தகத்தைத் திறக்கிறவன் மாதிரி செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுத்தேன். அதுதான் கரிவலம் ஊர்வலம்.

புதன்கிழமை சண்முகவேல் பேண்டைக் கொடுத்தனுப்பினான். துணி கொடுத்து ரெண்டு மாதம்... தையல் உலகத்தில் இதற்குப் பெயர் 'நாளைக்கு'. போட்டுப் பார்த்தேன். கச்சிதமான பொருத்தம். முப்பத்திரெண்டு இஞ்ச் காலுக்குத் தைத்த பேண்ட் என்ற பெருமையில் டேப்பை எடுத்து உள்தையலை அளந்தேன்.

இருபத்தெட்டு.

நொண்டிக்கொண்டே கடைக்குப் போனேன்.

"ஏலே, முப்பத்திரெண்டுன்னு சொன்னேல்லா? பேண்டு இருபத்தெட்டுல இருக்கு?"

சண்முகவேல் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பேண்டு சரியா இருக்கா, இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு. என் காலு எவ்வளவு? அதைச் சொல்லு."

"இருபத்தொம்பது."

"அப்ப மூணு இஞ்ச்?"

"மடிப்புக்கு ஒண்ணு. தொவைச்சா துணி சுருங்கும், அதுக்கு ஒண்ணு. மரியாதைக்கு ஒண்ணு."

"மரியாதைக்கா?"

"நீ பத்திரிகைல எழுதுத ஆளு வே. ஒனக்குக் காலு இருபத்தொம்பதுன்னு நாலு பேரு முன்னால கத்துனா நல்லாவா இருக்கும்? காலைக் கூட்டிச் சொல்லுவேன், இடுப்பைக் குறைச்சுச் சொல்லுவேன். ஊருக்கே அப்படித்தான். வாய்க்கு ஒரு அளவு, கத்திரிக்கு ஒரு அளவு. ஒருத்தனும் வந்து சண்டை போட்டதில்ல. நீதான் மொத ஆளு."

என் இடுப்பு முப்பத்தாறு என்று சொல்லியிருந்தான். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும்.

யோசித்துப் பார்த்தால் அவன் செய்ததில் என்ன தப்பு? அவன் மரியாதைக்குச் சொன்னதை நம்பி நான்தானே பெருக்கினேன். வரன் தேடும்போது பையனின் உயரம், ரிட்டையர் ஆனவர் சொல்கிற பழைய பதவி, நண்பனின் சட்டையைப் பார்த்து நாம் சொல்கிற 'சூப்பர்'... எல்லாவற்றிலும் ஒரு இஞ்ச் மரியாதை கலந்துதான் இருக்கிறது. அந்த ஒரு இஞ்சை நிஜம் என்று நம்பி ஒரு ஆள் கிராங்க் வாங்கப் போவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

சனிக்கிழமை நானும் கோமதியும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். ஆறு புள்ளி ஆறு. லேப்காரருக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியவில்லை.

"எக்சர்சைஸ் பண்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள். "தெனமும் முப்பது கிலோமீட்டர் சைக்கிள்ல போறாக டாக்டர். ஒரு நாள் தப்பாம அஞ்சரைக்குக் கெளம்பிருவாக. முட்டி வலியோடயும் போறாக."

அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே... பெருமையாகச் சொன்னாள். இருபத்திரெண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் வெளியாளிடம் பெருமையாகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "முப்பது கிலோமீட்டர் ஓட்டியும் ஏறியிருக்குன்னா இது சாதாரண மாத்திரைக்கு அடங்காது. ரெண்டு வேளை எழுதுறேன். ஸ்ட்ராங்காவே தர்றேன்."

பேனா தாளைத் தொட்டது. பேசாமல் இருந்தால் ரெண்டு வேளை மாத்திரை. பேசினால்...

"முப்பது இல்ல டாக்டர்" என்றேன்.

"எவ்வளவு?"

"அரை."

"அரை மணி நேரமா?"

"அரைக் கிலோமீட்டர். வீட்டுலருந்து டீக்கடைக்கு. ஒரு மாசமா."

டாக்டரம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். காலையில் மட்டும், பாதி மாத்திரை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கோமதி சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டி வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு காப்பி போட்டாள். ரெண்டிலும் சீனி இல்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. மூன்று மாதமாக இந்தக் கசப்பை எனக்காகக் குடித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதில் கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

காப்பியைக் குடித்து முடித்ததும் அவளே டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க. சுவரோட நில்லுங்க."

அலமாரியில் கைக்குக் கிடைத்த தடிப் புத்தகம், என் பத்திகளைத் தொகுத்துப் போட்டது. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். டேப்பைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இருபத்தெட்டே முக்கால்!"

சண்முகவேல் உண்மையைச் சொல்லும்போதும் கால் இஞ்ச் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறான்.

கணக்குப் போட்டால் நூற்றைம்பத்தெட்டுக்குப் பக்கத்தில் வந்தது. கடையில் கிடைத்ததில் சின்னது நூற்று அறுபத்தைந்து. பழைய ஐம்பது, முப்பத்துநாலு பல்லோடு அதை ஆர்டர் போட்டாயிற்று. குரூப்பில் சொன்னேன். "இப்ப ட்ரெண்டே ஷார்ட் கிராங்க்தான் ப்ரோ, நான் அப்பவே நினைச்சேன்" என்றார் நிபுணர். முட்டி ஆறுகிற வரைக்கும் காலையில் நடை. கோமதியும் கூடவே வருகிறாள். துணைக்கு என்கிறாள்... நான் காவலுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

"இங்கனதான் தெனமும் உக்காந்திருந்தீயளா?"

"ஆமா."

"டீ குடிச்சீயளா?"

"குடிச்சேன்."

"சீனி எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணு" என்றேன்.

நிஜம், மூன்று. மடிப்புக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று கழித்துக்கொண்டேன்.